விண்கலப் பிசினுக்குள் புதைந்த கிருமிகளை எண்ணுவது எப்படி?

கேள்வி இதுதான்: "செவ்வாய்க்குப் போகும் கலங்களைத் தூய அறையில் வைத்துக் கட்டுகிறார்கள், ஆல்கஹாலால் துடைக்கிறார்கள். மேலே ஒட்டியிருக்கும் கிருமிகளைப் பஞ்சுக்குச்சியால் ஒற்றி எடுத்து எண்ணலாம், சரி. பசை, பூச்சு, பிளாஸ்டிக் இவற்றுக்கு உள்ளேயே மாட்டிக்கொண்ட கிருமிகளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஸ்கேன் ஏதாவது இருக்கிறதா? நான் நுண்ணுயிரியல் முதுகலை படிக்கிறேன், இதை ஆய்வுத் திட்டமாக எடுக்கலாமா?"

ஸ்கேனில் தொடங்குகிறேன். இல்லை. பறக்கப்போகும் ஒரு பாகத்தை உடைக்காமல், அதற்குள் எத்தனை உயிருள்ள ஸ்போர்கள் (சூட்டையும் வறட்சியையும் தாங்கச் சில பாக்டீரியாக்கள் எடுக்கும் உறங்குநிலை வடிவம்) இருக்கின்றன என்று சொல்லும் கருவி எதுவும் கிடையாது. ஒரு பாக்டீரியா ஸ்போர் சுமார் 1 மைக்ரோமீட்டர். அதுவும் கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன்தான். அதைச் சுற்றியிருக்கும் எப்பாக்ஸி என்னும் பிசினும் ஏறக்குறைய அதேதான். எக்ஸ்ரே இரண்டையும் பிரித்துப் பார்க்காது. அப்படியே ஒரு புள்ளி தெரிந்தாலும் அது ஸ்போரா, தூசியா, காற்றுக் குமிழியா என்று தெரியாது. உயிரோடு இருக்கிறதா என்பது அதற்கும் அடுத்த கேள்வி.

அப்படியானால் விண்வெளி நிறுவனங்கள் என்ன செய்கின்றன? எண்ணுவதில்லை. ஒரு எண்ணை ஒதுக்கிவிடுகிறார்கள். இந்த இடத்தைப் புரிந்துகொண்டால்தான் இந்தத் துறையின் ஆராய்ச்சி எதற்காக நடக்கிறது என்பது விளங்கும்.

கலத்தில் கிருமி இருக்கும் இடங்களை மூன்றாகப் பிரிப்பார்கள். வெளித்தெரியும் மேற்பரப்பு, திருகு போட்டு இறுக்கிய இரண்டு பாகங்களுக்கு இடைப்பட்ட பரப்பு, பொருளின் உடலுக்குள்ளேயே புதைந்தது. முதலாவதற்கு நாசாவின் வழக்கமான சோதனை இருக்கிறது. ஒற்றி எடுத்ததை நீரில் போட்டு மீயொலியால் உதறி, 80 டிகிரி செல்சியஸில் 15 நிமிடம் வைத்து, ஊட்ட அகாரில் (கிருமி வளர்க்கும் கூழில்) ஊற்றி, 32 டிகிரியில் 72 மணி நேரம் வளர்த்து எண்ணுவார்கள். சூட்டைத் தாங்கி முளைப்பதை ஸ்போர் என்று கணக்கில் கொள்வார்கள். மூன்றாவதற்கு இப்படி ஒரு வழக்கமான சோதனையே இல்லை.

உள்ளே மாட்டியது வெளியே வராதே, பிறகென்ன கவலை என்று கேட்கலாம். கலம் பத்திரமாக இறங்கும்வரை அது நியாயமான பேச்சுதான். மோதினால் கதை வேறு. 1999இல் மார்ஸ் போலார் லேண்டர், 2016இல் ஐரோப்பாவின் ஸ்கியாபரெல்லி இரண்டுமே செவ்வாயில் மெதுவாக இறங்க வேண்டியவை, இரண்டும் தொலைந்தன. மோதும் வேகத்தில் பிசின் சுக்குநூறாக உடைகிறது, அதுவரை உள்ளே பத்திரமாக இருந்த பரப்பெல்லாம் வெளிப்படுகிறது. இதனால்தான் காஸ்பார் எனப்படும் சர்வதேச விண்வெளி ஆய்வுக் குழுவின் நெறிமுறையில் இரண்டு விதமான எல்லைகள் இருக்கின்றன. உயிரைத் தேடாத செவ்வாய் இறங்குகலத்தின் மேற்பரப்பில் மொத்தம் 3 லட்சம் ஸ்போர்கள், சராசரியாகச் சதுர மீட்டருக்கு 300. பல ஆண்டுகளுக்குச் செவ்வாயில் விழாது என்று உறுதி தர முடியாத சுற்றுகலத்துக்கு, உள்ளே புதைந்ததையும் சேர்த்து மொத்தம் 5 லட்சம்.

(வேடிக்கை என்னவென்றால், சிலர் வேண்டுமென்றே உயிரினங்களைப் பிசினில் புதைத்து அனுப்பியிருக்கிறார்கள். 2019 ஏப்ரலில் நிலவில் மோதிய இஸ்ரேலின் பெரஷீட் கலத்தில், உலர்ந்த நிலையில் இருந்த டார்டிகிரேடு என்னும் நுண்ணிய விலங்குகளைப் பிசினில் புதைத்து வைத்திருந்தார்கள்.)

இப்போது அந்த ஒதுக்கப்பட்ட எண்ணுக்கு வருவோம். நாசாவின் பழைய விதிகளில், புதைந்த கிருமிக்குச் சராசரி மதிப்பு ஒரு கன சென்டிமீட்டருக்கு 130 ஸ்போர். மின்னணுப் பாகங்களுக்கு 3 முதல் 150, உலோகமல்லாத மற்றப் பொருட்களுக்கு 1 முதல் 30. ஒரு கலத்தில் பசை, பூச்சு, உறைபிசின் எல்லாம் சேர்த்து 10 லிட்டர் இருப்பதாக ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது 10,000 கன செ.மீ. 130ஆல் பெருக்கினால் 13 லட்சம். அதாவது ஒரு பஞ்சுக்குச்சியைக்கூடத் தொடாமல், வெறும் பெருக்கல் கணக்கிலேயே 5 லட்சம் என்ற எல்லை இரண்டரை மடங்குக்கு மேல் தாண்டிவிட்டது. அதே 10 லிட்டருக்கு 30 என்று போட்டால் 3 லட்சம், கலம் தப்பித்துக்கொள்ளும். எந்த எண்ணைப் போடுகிறோம் என்பதைப் பொறுத்து, சூட்டில் வைத்துக் கிருமி நீக்கும் வேலை தேவையா இல்லையா என்பதே மாறிவிடுகிறது. ஆய்வகத்தில் பொருளை உடைத்துப் பார்ப்பது, பறக்கப்போகும் கலத்தைச் சோதிக்க அல்ல. இந்த ஒதுக்கீட்டு எண் எவ்வளவு உண்மை என்று பார்க்க.

உடைப்பதுதான் வேலையிலேயே கஷ்டமான பகுதி. நறுக்குவது, துளைப்பது, அரைப்பது, கரைப்பது என்று வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் ஒரு வில்லங்கம் உண்டு.

துளைக்கும் கருவியின் முனையில் உரசலால் சூடு ஏறும். எண்ண வேண்டியதை நாமே கொன்றுவிட்டு, "எதுவும் இல்லை" என்று எழுதிவிடுவோம். அதைத் தவிர்க்கத்தான் திரவ நைட்ரஜனில், கழித்தல் 196 டிகிரியில், உறையவைத்து அரைக்கிறார்கள். இழுத்தால் நீளும் சிலிக்கோன்கூட அந்தக் குளிரில் கண்ணாடிபோல நொறுங்கும். ஸ்போர்களுக்குக் குளிர் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் அரைக்கும் குண்டுகள் பொருளை மட்டும் அடித்து ஸ்போரை விட்டுவிடும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது.

அப்புறம் துகளின் அளவு. இதைப் பலர் யோசிப்பதே இல்லை. நன்றாக அரைத்து, 100 மைக்ரோமீட்டர் பக்கமுள்ள கனசதுரத் துகள்களாக ஆக்கிவிட்டோம் என்று வைத்துக்கொள்வோம். கையால் தொட்டால் மாவுபோல இருக்கும். ஆனால் ஸ்போரின் அளவு 1 மைக்ரோமீட்டர். துகளின் வெளிப்புறத்தில் 1 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள தோல் மொத்தக் கன அளவில் சுமார் 6 சதவீதம்தான். மீதி 94 சதவீதத்தில் இருக்கும் ஸ்போர்கள் இன்னமும் பிசினுக்குள்ளேதான் இருக்கின்றன. அகாரில் போட்டாலும் நீரும் ஊட்டமும் அவற்றை எட்டாது, முளைக்காது. 10 மைக்ரோமீட்டர் வரை அரைத்தால் அந்தத் தோல் 49 சதவீதம் ஆகிறது. நல்லதுதான், ஆனால் அந்த அளவுக்கு அரைக்கிற விசை ஸ்போரையும் சேர்த்தே நசுக்கும். இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்பது என்பதைப் பொருளுக்குப் பொருள் சோதித்துத்தான் முடிவுசெய்ய வேண்டும்.

கரைப்பது காகிதத்தில் அழகாக இருக்கும். ஆனால் இறுகிய எப்பாக்ஸியில் மூலக்கூறுகள் குறுக்கும் நெடுக்குமாகப் பிணைந்திருக்கின்றன. அது கரையாது, கரைப்பானை உறிஞ்சி உப்பும், அவ்வளவுதான். உண்மையிலேயே அதைச் சிதைக்கும் அமிலமோ காரமோ ஸ்போரை விட்டுவைக்காது. சிலிக்கோனைச் சிதைக்க ஃபுளூரைடு சேர்ந்த கரைப்பான்கள் உண்டு. ஆனால் அந்தக் கரைசலில் ஸ்போர் எத்தனை மணி நேரம் பிழைக்கும் என்பதைத் தனியாக ஒரு சோதனை வைத்து அளக்காமல் வரும் முடிவை நான் நம்பமாட்டேன்.

இவ்வளவு சிக்கலையும் ஒரு ஜெர்மானிய, ஆஸ்திரிய ஆய்வுக் குழு 2014இல் சுற்றிக்கொண்டு போனது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலை அதுதான். விண்கலங்களில் அதிகமாகப் பயன்படும் ஐந்து பாலிமர்களை எடுத்தார்கள். இறுகிய பொருளிலிருந்து கிருமிகளை அளவு பிசகாமல் பிரித்தெடுப்பது நடக்காது என்று பார்த்துவிட்டு, கேள்வியையே மாற்றிக்கொண்டார்கள். இறுகுவதற்கு முன்னால் அந்தப் பொருள் திரவமாகத்தானே இருக்கிறது? பகுதி 1, பகுதி 2 என்று தனித்தனிக் குப்பியில் வரும் அந்த மூலப்பொருட்களிலிருந்தே கிருமிகளைப் பிரித்து எண்ணினார்கள். கிடைத்தது கன செ.மீ.க்கு 0.1க்கும் குறைவிலிருந்து 2.5 வரையிலான கூட்டமைவுகள் (ஒரு கிருமி அகாரில் பெருகி உண்டாக்கும் புள்ளிகள்). விதியில் இருந்த 130உடன் ஒப்பிட்டுப் பாருங்கள். நம் 10 லிட்டர் கணக்கில் 13 லட்சம் என்பது வெறும் 25,000 ஆகச் சுருங்குகிறது, அதுவும் அதிகபட்சமாக.

இறுகும்போது வெளிவரும் சூடும் ரசாயனமும் கிருமிகளைக் கொன்றுவிடும் என்று நினைத்தால் இந்த எண் இன்னும் குறைய வேண்டும். அதையும் சோதித்தார்கள். ஸ்காட்ச்-வெல்ட் 2216 என்னும் எப்பாக்ஸிப் பசைக்குள் பேசில்லஸ் சேஃபென்சிஸ் ஸ்போர்களைக் கலந்து இறுகவைத்தார்கள். இந்தப் பாக்டீரியாவின் பெயரே நாசாவின் ஜெட் புரபல்ஷன் ஆய்வகத்தில் விண்கலம் பூட்டும் கூடத்தின் பெயர்ச் சுருக்கத்திலிருந்து வந்தது. ஒளிரும் சாயங்களை வைத்துப் பார்த்தபோது, இறுகிய பசைக்குள் ஸ்போர்கள் சிதையாமல் இருந்தன. முளைக்கும் திறனும் வளரும் திறனும்கூடப் போகவில்லை. ஆக, பசை ஸ்போர்களைக் கொல்லும் என்ற நம்பிக்கையில் கணக்கைக் குறைத்துக்கொள்ள முடியாது. எண் சின்னது, ஆனால் பூஜ்யமல்ல.

இந்த முறையின் ஓட்டையும் தெரிந்திருக்க வேண்டும். குப்பியில் இருப்பதை மட்டுமே இது அளக்கிறது. பசையைக் கலக்கும்போது காற்றிலிருந்து விழுவது, ஒட்டும் பரப்பில் ஏற்கெனவே இருந்து பசைக்கு அடியில் மாட்டிக்கொள்வது, வேலை செய்பவரின் தோல் செதில், இவையெல்லாம் இதில் வராது. தூய அறைக்கு வெளியே தயாராகும் மின்தடை, மின்தேக்கி போன்ற பாகங்களுக்கும் இந்த எண்ணை அப்படியே போட முடியாது. அவற்றுக்கு இன்றைக்கும் உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

அடுத்து, வெளியே எடுத்ததை எதை வைத்துப் படிப்பது? அதே 2014 ஆய்வில், டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கணக்கிடும் பி.சி.ஆர். முறையில் பார்த்தபோது, அகாரில் வளர்ந்ததைவிட மிக அதிகமான எண்ணிக்கை காட்டியது, இத்தனைக்கும் டி.என்.ஏ.வைப் பிரித்தெடுத்த திறன் குறைவாகவே இருந்தது. இரண்டில் எது சரி? இரண்டும் சரிதான், இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான விடை. அகாரில் வளர்வது, அந்த ஊட்டத்தில், அந்தச் சூட்டில், மூன்று நாளில் வளரச் சம்மதிக்கிற கிருமி மட்டுமே. பி.சி.ஆர். காட்டுவது, எப்போதோ செத்துப்போன செல்லின் டி.என்.ஏ.வையும் சேர்த்து. பசை தயாரிக்கும் ஆலையில் செத்த பாக்டீரியா செவ்வாய்க்கு ஆபத்தில்லை, ஆனால் செவ்வாய் மாதிரிகளில் டி.என்.ஏ. தேடப்போகிற கருவிக்கு அது தலைவலி. உங்கள் அக்கறை எது என்பதைப் பொறுத்து முறையைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நடுவழி ஒன்று உண்டு: புரோபிடியம் மோனோஅசைடு என்ற சாயம். சவ்வு கிழிந்த செல்லுக்குள் மட்டும் இது நுழையும். பிரகாசமான ஒளி காட்டினால் டி.என்.ஏ.வோடு நிரந்தரமாகப் பிணைந்து, அதைப் பி.சி.ஆரில் பெருகவிடாமல் செய்துவிடும். மிஞ்சுவது சவ்வு கெடாத செல்களின் டி.என்.ஏ. மட்டும். ஸ்போர்களைப் பொறுத்தவரை கொஞ்சம் எச்சரிக்கை வேண்டும்: உறை உறுதியாக இருந்து உள்ளே செத்துப்போன ஸ்போரும் உயிருள்ளதுபோலவே தெரியும். இன்னொன்று டெர்பியம் சோதனை. டைபிகோலினிக் அமிலம் இருந்தால் அது பாக்டீரியா ஸ்போரின் அடையாளம். ஸ்போரின் உலர் எடையில் 5 முதல் 15 சதவீதம்வரை இதுதான். ஸ்போர் முளைக்கும்போது இது வெளியே கொட்டும். டெர்பியம் அயனியோடு சேர்ந்தால் புற ஊதா ஒளியில் பச்சையாக ஒளிரும். முளைக்கவைத்த பிறகு ஒளிர்வதை மட்டும் எண்ணினால், மூன்று நாள் காத்திருக்காமல் உயிருள்ள ஸ்போர் கணக்கு கிடைக்கும். மேற்பரப்பு மாதிரிகளுக்கு இது அருமையான முறை. பிசின் துகள் கலந்த மாதிரியில், பிசினே புற ஊதாவில் லேசாக ஒளிரும் என்பதால், பின்னணி ஒளியைக் கழிப்பதே பாதி வேலை ஆகிவிடும். செல்லின் ஆற்றல் மூலக்கூறான ஏ.டி.பி.யை அளக்கும் சோதனையை நான் சிபாரிசு செய்யமாட்டேன். உறங்கும் ஸ்போரில் ஏ.டி.பி. மிகச் சொற்பம், தேடுவதே அதைத்தான் என்னும்போது அந்தச் சோதனை வேலைக்காகாது.

இனி, எல்லாரும் வழுக்கி விழும் இடம். சர்வேயர் 3 என்ற ஆளில்லாக் கலம் 1967 ஏப்ரலில் நிலவில் இறங்கியது. 1969 நவம்பரில் அப்போலோ 12இல் போன பீட் கான்ராடும் ஆலன் பீனும் அதன் கேமராவைக் கழற்றிப் பூமிக்குக் கொண்டுவந்தார்கள். கேமராவுக்குள் இருந்த பாலியூரித்தேன் நுரையின் ஒரு துண்டிலிருந்து ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸ் வளர்ந்தது. எடுத்த 33 மாதிரிகளில் அந்த ஒன்றில் மட்டும். இரண்டரை ஆண்டு நிலவில் உயிரோடு இருந்த பாக்டீரியா என்று உலகமே பேசியது, பாடப்புத்தகங்களிலும் ஏறிவிட்டது. அது மனித வாயிலும் தொண்டையிலும் வாழும் பாக்டீரியா. ஸ்போர் உருவாக்கும் வகைகூட அல்ல. 2011இல் அன்றைய ஆய்வக வீடியோவை மறுபடி எடுத்துப் பார்த்தவர்கள், சோதித்தவர்களின் கைகள் அரைக்கைச் சட்டையில் திறந்து கிடந்ததையும், கருவியைக் கிருமிநீக்கம் செய்யாத மேசையில் வைத்ததையும் கண்டார்கள். பாக்டீரியா நிலவிலிருந்து வந்ததைவிடச் சோதனை அறையிலேயே ஏறியிருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பது அவர்கள் முடிவு. பொருளுக்குள்ளிருந்து கிருமியை வெளியே எடுக்கும் எந்த வேலையிலும், கருவி போகிற பாதையெல்லாம் கிருமி உள்ளே போகிற பாதையும்தான். அதனால் முழுக்கக் கிருமிநீக்கம் செய்த அதே பொருளின் துண்டுகளை, உண்மை மாதிரிகளோடு எது எது என்று தெரியாதபடி கலந்து, அதே ஆள் அதே நாளில் அரைக்க வேண்டும். அவற்றில் ஒன்று முளைத்தாலும் அன்றைய முடிவுகள் அத்தனையும் சந்தேகத்துக்குரியவை.

எதிர்ப்பக்கத் தவறு, பூஜ்யத்தை நம்புவது. 30 கன செ.மீ. பொருளைச் சோதித்தீர்கள், எதுவும் வளரவில்லை. பூஜ்யம் என்று எழுதலாமா? கூடாது. 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லக்கூடியது, உண்மை எண் கன செ.மீ.க்கு 0.1ஐத் தாண்டாது என்பதுதான். 3ஐச் சோதித்த கன அளவால் வகுத்தால் வருவது அது. அதுவும் இருந்த ஸ்போர்கள் அத்தனையையும் நீங்கள் வெளியே எடுத்திருந்தால். மீட்புத் திறன் 10 சதவீதம் என்றால், அதே வாக்கியத்தைச் சொல்ல 300 கன செ.மீ. அரைக்க வேண்டும். கையடக்க அரைவையில் ஒரு தடவைக்குச் சில கிராம்தான் போகும் என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனை பாடு எதற்கு, மொத்தமாகச் சுட்டுவிடலாமே என்று கேட்பார்கள். 1976இல் செவ்வாயில் இறங்கிய இரண்டு வைக்கிங் கலங்களையும் அப்படித்தான் முழுசாக அடுப்பில் வைத்தார்கள், 110 டிகிரிக்குச் சற்று மேலே, மணிக்கணக்காக. ஆனால் புதைந்த கிருமிதான் சூட்டுக்கும் கடைசியில் மசிகிறது. நாசாவின் பழைய கணக்குப்படி 125 டிகிரியில் பத்தில் ஒன்பது ஸ்போர்களைக் கொல்ல, மேற்பரப்பில் அரை மணி போதும். புதைந்ததற்கு 5 மணி. பத்தாயிரத்தில் ஒன்று மிஞ்ச வேண்டுமானால் 20 மணி. சூட்டை 21 டிகிரி குறைத்தால் நேரம் பத்து மடங்கு ஆகும். 1960களில் ரேஞ்சர் நிலவுக் கலங்களின் பாகங்களை 125 டிகிரியில் 24 மணி சுட்டார்கள். கலங்கள் வரிசையாகத் தோற்றபோது, சூடு மின்னணுவைக் கெடுத்ததோ என்ற சந்தேகம் எழுந்து அந்த வழக்கமே கைவிடப்பட்டது. ஹைட்ரஜன் பெராக்சைடு ஆவி மேற்பரப்போடு நின்றுவிடும். காமாக் கதிர் உள்ளே ஊடுருவும், ஆனால் டெஃப்லானையும் மின்னணுச் சில்லுகளையும் பதம் பார்க்கும். இந்தச் செலவுக்கும் அபாயத்துக்கும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான், 130ஆ 2.5ஆ என்ற வாதம் ஏன் முக்கியம் என்று தெரியும்.

உங்கள் ஆய்வுத் திட்டத்துக்கு வருகிறேன். எடுக்கலாம், ஆனால் "இந்தப் பசையில் எத்தனை கிருமி இருக்கிறது" என்று தொடங்காதீர்கள். பெரும்பாலும் பூஜ்யம் வரும், அதற்கு என்ன அர்த்தம் என்று உங்களால் சொல்ல முடியாது. பேசில்லஸ் அட்ரோஃபேயஸ் ஸ்போர்களை வாங்கிக்கொள்ளுங்கள். ஆபத்தில்லாதது, கூட்டமைவு ஆரஞ்சு நிறமாக வருவதால் வெளியிலிருந்து விழுந்த கிருமியை உடனே அடையாளம் காணலாம். தெரிந்த எண்ணிக்கையில் அதை எப்பாக்ஸியில் கலந்து இறுகவைத்து, உறையவைத்து அரைத்து, எத்தனை சதவீதம் திரும்பக் கிடைக்கிறது என்பதை மூன்று வெவ்வேறு துகள் அளவுகளில் அளந்து பாருங்கள். கூடவே, ஸ்போர்களைப் பசையில் புதைக்காமல், ஏற்கெனவே இறுகிய பசைத் துண்டுகளோடு வெறுமனே கலந்து அரைத்த ஒரு வரிசையும் வேண்டும். அரைவை எத்தனை ஸ்போர்களைக் கொல்கிறது என்பது அதில்தான் தெரியும். இரண்டையும் கழித்துப் பார்த்தால், பிசினுக்குள் இன்னும் ஒளிந்திருப்பது எவ்வளவு, நசுங்கிச் செத்தது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லலாம். வழிகாட்டியிடம் கேட்கும்போது, திரவ நைட்ரஜன் வசதியும் துகள் அளவை அளக்கும் கருவியும் துறையில் இருக்கிறதா என்பதை முதலில் கேட்டுவிடுங்கள். இரண்டாவது இல்லையென்றால் பக்கத்து வேதியியல் துறையில் பெரும்பாலும் கிடைக்கும்.